சிங்கப்பூர் ஆற்றங்கரை: எதுவும் வைத்த இடத்தில் இல்லை

11.01.2025, கேள்வி

பிப்ரவரியில் அப்பா அம்மாவை நாலு நாள் சிங்கப்பூர் அழைத்துப் போகிறேன். அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். ஆற்றங்கரைக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம் என்று இருந்தேன். போய் வந்தவர்களோ, "அங்கே ஒன்றுமில்லை, சினிமா செட் மாதிரி இருக்கும், சிங்கத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடு" என்கிறார்கள். நிஜமாகவே பழைய ஊர் என்று அங்கே எதுவும் மிச்சமில்லையா?

12.01.2025, இரவு 10.40

செட் மாதிரி என்பதில் பாதி உண்மை. இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கையில் காசில்லாமல் சுற்றக்கூடிய இடம் இந்த ஆறுதான். கிம் செங் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை சுமார் 3 கிலோமீட்டர். அவ்வளவுதான் ஆறு. நம் ஊரில் வாய்க்கால் என்போம்.

செட் என்று ஏன் தோன்றுகிறது தெரியுமா? இந்தக் கரையில் இருக்கும் சாமான் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. சிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலை 1972 செப்டம்பரில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தது. 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1997இல் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே வந்ததும் கடல் பக்கமிருந்து பார்த்தால் சிங்கம் மறைந்துபோனது. பாலத்தை என்ன செய்ய முடியும்? 2002இல் சிங்கத்தைத் தூக்கி 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

விக்டோரியா அரங்கின் முன்னால், 1819இல் இங்கே ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸின் கறுத்த சிலை நிற்கும். அது 1887இல் பாடாங் மைதானத்தில் வைக்கப்பட்டது. அங்கே பந்து விளையாடுகிறவர்கள் உதைத்த பந்தெல்லாம் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. 1919இல், ஊருக்கு நூறு வயது ஆனபோது, இப்போதைய இடத்துக்கு வந்தது. அது வரவேண்டும் என்று அங்கிருந்து கிளம்பியது யானை. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சூலாலங்கோர்ன் 1871இல் வந்துபோன நினைவாகக் கொடுத்த வெண்கல யானை. இப்போது பழைய பாராளுமன்றத்தின் முன்னால் நிற்கிறது. ஒரு சயாம் மன்னர் கால் வைத்த முதல் வெளிநாடு சிங்கப்பூர்தான் என்று அதன் பீடத்தில் எழுதியிருக்கிறது.

ஆகவே பழைய ஊர் இருக்கிறது. பெட்டி படுக்கையோடு இருக்கிறது.

12.01.2025, இரவு 11.15

அப்பா ஆசிரியர் என்றதால் முக்கியமானதைச் சொல்லாமல் தூக்கம் வராது. விக்டோரியா அரங்குக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தூண் இருக்கும். டல்ஹௌசி தூண். நம் பாடப்புத்தகத்து வாரிசு இழப்புக் கொள்கை டல்ஹௌசியேதான். 1850 பிப்ரவரியில் இங்கே வந்துபோனார். அப்போது சிங்கப்பூருக்கு எசமான் கல்கத்தா. 1867 வரை அப்படித்தான். வணிகத்துக்குத் தடை எதுவும் போடாதிருப்பதன் நன்மையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக வணிகர்கள் சேர்ந்து தூண் எழுப்பினார்கள். அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் வரைந்து கொடுத்தது.

அதன் நாலு பக்கத்தில் நாலு மொழி: ஆங்கிலம், ஜாவி என்ற அரபு வகை எழுத்தில் மலாய், சீனம், தமிழ். ஆற்றங்கரையில் தமிழ் எழுத்து உள்ள ஒரே சின்னம் இதுதான். அப்பாவை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

13.01.2025, காலை

தூணும் இடம் மாறியதுதான், சொல்ல விட்டுப்போனது. கடலோரம் மண் கொட்டிக் கரையைத் தள்ளத் தள்ள, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டு முறை பெயர்த்து நட்டார்கள்.

14.01.2025

பொங்கல் வாழ்த்துகள். பொங்கல் பொங்கும் நேரத்தில் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. தமிழ் எழுத்து உள்ள ஒரே சின்னம் தூண்தான் என்றது தப்பு. கரையோரம் கைகட்டி நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸின் பீடத்திலும் நாலு ஆட்சி மொழிகளில் எழுதியிருக்கிறது, தமிழ் உட்பட. எத்தனையோ முறை அந்தப் பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்து வடை சாப்பிட்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் இருந்ததை வாசிக்கவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம். வெள்ளைச் சிலை 1972இல் கறுப்புச் சிலையிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகல். அதில் தமிழ் வந்தது சட்டப்படி. ஆட்சி மொழி என்பதால். 1850இல் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அன்று தமிழை வெட்டினார்கள் என்றால், ஆற்றங்கரையில் நின்று அதைப் படிக்கிற கூட்டம் இருந்தது என்று பொருள். சயாம் யானையின் பீடத்தில் தாய்லாந்து மொழி, ஜாவி, சீனம், ஆங்கிலம் இருக்கின்றன, தமிழ் இல்லை. அது அரசர் கொடுத்த பொருள், மொழிகளும் அவர் தேர்ந்தவை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

14.01.2025, சற்று நேரம் கழித்து

அந்தக் கூட்டம் யார் என்று ஒரு தம்பி கேட்கிறார். முதலில் படகுக்காரர்கள். ஆழக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் வேலை ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் கையில் இருந்தது. சூலியா என்று பெயர். பிறகு மெல்ல மெல்லச் சீனர் கைக்குப் போனது. 1822இல் ஊருக்குத் திட்டம் வரைந்தபோது ஆற்றின் தென்கரையில், கொஞ்சம் மேலே, "சூலியா கம்பம்" (சூலியா குடியிருப்பு) என்று இடமே ஒதுக்கினார்கள். இன்று வானத்தை முட்டும் வங்கிகள் நிற்கும் சூலியா ஸ்ட்ரீட் அந்தப் பெயரின் மிச்சம். அதற்கும் முன்னால் அது கிளிங் ஸ்ட்ரீட். இந்தியரைக் குறித்த கிளிங் என்ற சொல் வசவாகிப் போனதால் 1920களின் தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள்.

தெருவுக்குக்கூட ஒரு மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது பாருங்கள்.

17.01.2025

படம் எடுப்பவர்களுக்கு மட்டும். தென்கரையில் உள்ள போட் கீ கடைவீடுகளின் முகம் கிழக்கும் வடக்குமாகப் பார்க்கிறது. ஆகவே எதிர்க்கரையில், வெள்ளை ராஃபிள்ஸ் பக்கம் நின்று காலை எட்டு மணிக்கு எடுங்கள். குட்டைக் கடைவீடுகள் முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரியும், பின்னால் வங்கிக் கோபுரங்கள் ஆசிரியர்கள் மாதிரியும் நிற்கும். சாயங்காலம் அதே இடத்தில் எடுத்தால் வெயில் கேமரா வாய்க்குள் விழும். விளக்கு ஏற்றிய படம் வேண்டுமென்றால் ஏழேகால் மணி. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் இறங்குகிறது.

கிளார்க் கீயில் இரவு எட்டுக்கு மேல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். சத்தம்.

19.01.2025, இரவு

இரண்டு பேர் கேவனா பாலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "எதுவும் வைத்த இடத்தில் இல்லை என்றீர்களே, பாலம்?" என்று ஒருவர் மடக்கப் பார்க்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 1869இல் முடித்த பாலம்; இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. வைத்த இடத்திலேயே நிற்கிறது. இந்தியாவிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்ட கைதிகள் உழைத்த கடைசிப் பெரிய வேலை என்று இதைச் சொல்வார்கள். 1825 முதல் வந்த கைதிகள் இந்த ஊரில் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1873இல் அந்த ஏற்பாடே முடிவுக்கு வந்தது. பாலத்துக்கு ஆளுநர் பெயர். உழைத்தவர்களுக்கு மலாயில் ஒரே பெயர், ஓராங் ரந்தாய், சங்கிலி மனிதர்கள்.

பாலத்தைக் குறைந்த உயரத்தில் கட்டிவிட்டார்கள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்த நேரத்தில் தொங்கான்கள், அதாவது சரக்குப் படகுகள், அடியில் நுழைய முடியாது. இறங்கும் வரை முகத்துவாரத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும். மேலே மாட்டுவண்டி, ரிக்‌ஷா, நடப்பவர்கள் என்று நெரிசல். அதனால்தான் 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது. கேவனாவை இடித்துவிடாமல் நடைபாலமாக்கி ஒரு பலகை மாட்டினார்கள். இன்றும் இருக்கிறது: 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளுக்கும், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அனுமதி இல்லை.

3 ஹண்ட்ரட்வெயிட் என்றால் ஏறத்தாழ 152 கிலோ. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேர் வந்தாலே கணக்கு இடிக்கும். நல்லவேளை, நாங்கள் வண்டி இல்லை.

ஆண்டர்சன் பாலத்தைப் பற்றி ஒரு வரி போதும். ஜப்பானியர் காலத்தில் வெட்டிய தலைகளை எச்சரிக்கையாகத் தொங்கவிட்ட பாலம் அது. இப்போது ஃபார்முலா ஒன் கார்கள் அதன் மேல் பறக்கின்றன. நான் அதில் நடக்கும்போது பெரும்பாலும் நிற்பதில்லை.

20.01.2025

கடல் ஏறி வற்றும் நேரத்தை எந்தக் கைபேசிச் செயலியில் பார்ப்பது, பாலத்தின் அடியில் படகு உரசுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். என் தப்புதான், பழங்கதையை நிகழ்காலம் மாதிரிச் சொல்லிவிட்டேன். ஆற்றில் இப்போது ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. 2008இல் மரினா அணை வந்து கடலை வெளியே நிறுத்திவிட்டது. உப்பு மெல்லப் போய், 2010இல் அது நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. குடிநீருக்கு எடுக்கிறார்கள்.

எழுதிவிட்டு யோசித்தேன். பாலம் வைத்த இடத்தில் நிற்கிறது என்று நேற்று விட்டுக்கொடுத்தேன் அல்லவா? பாலம் நகரவில்லை. அடியிலிருந்த ஆறு போய்விட்டது.

20.01.2025, இரவு

"இது கொஞ்சம் அதிகம்" என்கிறார் மடக்கியவர். சரி, அதிகம்தான். ஆனால் திரும்ப எடுக்க மாட்டேன்.

25.01.2025

ஆறு முன்பு நாறிக் கிடந்ததாமே என்று ஒருவர் கேட்டிருப்பதால் எங்கள் தாத்தா கதை.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா 1950களில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கி ஒன்றில் சமையல்காரராக இருந்தார். கிட்டங்கி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமான ஒரு கூடம். சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வட்டிக்கடை. பெட்டிக்கு முன்னால் தரையில் பாய், சாய்வு மேசை, கணக்கேடு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. அங்கேயே தொழில், அங்கேயே தூக்கம். ஒரு மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடித்துவிட்டு ஊருக்குக் கப்பல். சமையல்காரருக்கு அந்தக் கணக்கு கிடையாது போல. தாத்தா ஒன்பது வருடம் கழித்துத்தான் வந்தார்.

ஆற்றைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அது ஆறு இல்லடா, நாறு." கரை நெடுகக் கிடங்குகள். ரப்பர் ஷீட், கருவாடு, மிளகு, கொப்பரை. தொங்கான்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும்; படகு மேலேயே கால் வைத்து அக்கரைக்குப் போய்விடலாம் என்பார். அது கதையா நிஜமா என்று கேட்கும் வயதில் நான் கேட்கவில்லை. படகின் மூக்கில் கண் வரைந்திருக்கும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். அது நிஜம். வழி பார்க்கப் படகுக்கும் கண் வேண்டும் என்று சீனர் நம்பிக்கை. தியோச்சியூ படகு சிவப்பு, ஹொக்கியன் படகு பச்சை என்று தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

1977 பிப்ரவரியில் ஓர் அணைக்கட்டுத் திறப்பு விழாவில் லீ குவான் யூ சொன்னார்: பத்து வருடத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க வேண்டும் என்று. மேலே பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாக்கடை இணைப்பில்லாத குடிசைகள், தெருச் சாப்பாட்டுக் கடைகள், படகுப் பட்டறைகள், எல்லாவற்றையும் நகர்த்தினார்கள். 1983இல் தொங்கான்கள் முழுக்கப் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987இல் ஆறு சுத்தம். ஊரே கொண்டாடியது. அன்று முதல் போட் கீயில் சரக்கு இறங்கவில்லை. மதுக்கடைகள் வந்தன.

கிட்டங்கிகள் அதற்கும் கொஞ்சம் முன்னால், 1970களின் இறுதியில் இடிபட்டன. அதே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இப்போது 280 மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டடம், நடு மாடிகளில் காடு வளர்த்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. தாத்தா எந்த இடத்தில் அடுப்பு வைத்திருப்பார் என்று மேலிருந்து தேடினேன், லிஃப்ட் மாதிரியே விஷயம் ஒன்றும் பிடிபடவில்லை.

26.01.2025

"லிஃப்ட் மாதிரியே" என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடிக்குப் போகும் என்று எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். நள்ளிரவில் எழுதினால் இப்படித்தான்.

28.01.2025

தாத்தா கதையை வாசித்துவிட்டு ஒருவர், ஆற்றங்கரையில் செட்டியார் சிலை இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்கிறார். இருக்கிறது. "செட்டியார்களிலிருந்து நிதியாளர்கள் வரை" என்ற பொருளில் பெயர். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் வெளியே, கரையோரப் புல்வெளியில். செய்தவர் செர்ன் லியன் ஷான் என்ற சிற்பி.

அதன் மேல் எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. அரும்பொருளகம் இருப்பது வடகரையில். மார்க்கெட் ஸ்ட்ரீட் தென்கரை. செட்டியார் அக்கரையில் கடை போட்டிருக்கிறார்! அரசாங்க அலுவலகங்கள் இருந்த கரை அது. ராஃபிள்ஸ் வகுத்தபடி அரசு வடக்கே, வணிகம் தெற்கே. வட்டிக்கடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரி வாசலில் வைத்த மாதிரி இருக்கிறது. தென்கரையில் இடமில்லையா என்றால், அங்கே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். வங்கிக் கோபுரத்தின் கீழே பொத்தேரோ என்ற சிற்பி செய்த ஒரு கொழுத்த வெண்கலப் பறவை 1990 முதல் உட்கார்ந்திருக்கிறது.

தென்கரைக்காரர் ஒருவருக்கு மட்டும் நியாயம் கிடைத்திருக்கிறது. அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து வணிகர். சீன வணிகரோடும் மலாய்த் தலைவரோடும் பேசிக்கொண்டிருப்பதாகச் சிலை. இவருடைய கிடங்கு முகத்துவாரத்திலேயே இருந்தது. கரையேறும் கப்பல் தலைவனை மற்றவர்களுக்கு முன்னால் இவர் பிடித்துவிடுவாராம். அந்த முனைக்கே "தஞ்சோங் தங்காப்", பிடிக்கிற முனை, என்று பெயர் வந்துவிட்டது. கோயம்பேட்டில் பஸ் நிற்குமுன்பே பெட்டியைப் பிடிக்கும் ஆட்டோக்காரர்தான் எனக்கு நினைவுக்கு வருவார். சிலையின் மறுபக்கம் பாருங்கள்: சீனத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள். வண்டி ஓட்டும் வேலை நம்மவர்களுடையது.

29.01.2025, சீனப் புத்தாண்டு

விடுமுறை. கடைகள் மூடிக் கிடந்தன. மாமியாரை அழைத்துக்கொண்டு போனேன். கேவனா பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் ஐந்து வெண்கலப் பையன்கள் இருக்கிறார்கள், துணி இல்லாமல். சோங் ஃபா சியோங் செய்தது. மாமியார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கடைசிப் பயலுக்குப் பயம், அதான் உட்கார்ந்துட்டான்" என்றார். எத்தனை கையேடு படித்திருக்கிறேன், எதிலும் இதை எழுதவில்லை.

எதிர்ப்பக்கம் பாலத்தடியில் சின்னதாக வெண்கலப் பூனைகளும் உண்டு. குனிந்து தேட வேண்டும்.

01.02.2025

ஒரு திருத்தம், நானே கண்டுபிடித்தது. கறுப்பு ராஃபிள்ஸ் 1919இல் வந்தது, அத்தோடு கதை முடிந்தது என்கிற மாதிரி முதலில் எழுதியிருந்தேன். முடியவில்லை. ஜப்பானியர் வந்ததும் சிலையைக் கழற்றி அருங்காட்சியகத்தில் போட்டார்கள். 1946இல்தான் திரும்பி வந்தது.

வெள்ளை ராஃபிள்ஸுக்கு 2019இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ராஃபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டு. ஜனவரி முதல் நாட்களில் ஓர் ஓவியர் சிலையின் மேல் பின்னால் தெரியும் வங்கிக் கோபுரத்தின் வரிகளையும் நிழலையும் அப்படியே தீட்டினார். நேர் முன்னால் நின்றால் ராஃபிள்ஸ் காணாமல் போய்விடுவார். அப்புறம் வண்ணத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் தற்காலிகமாக நாலு பேரை நிறுத்தினார்கள்: பழங்கதைப்படி ஊருக்குப் பெயர் வைத்த இளவரசர் சங் நீல உத்தமா, சீன வணிகர் டான் டோக் செங், மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, தமிழ் வணிகர் நாராயண பிள்ளை.

நாராயண பிள்ளையை அப்பாவுக்குச் சொல்லுங்கள். பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்த கப்பலில் கூடவே வந்தவர். தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். ஊர் கட்டுகிற ஊரில் செங்கல்! துணிக்கடையும் வைத்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அவர் எழுப்பியது, 1827இல். முன்ஷி அப்துல்லாவுக்கும் நம் பக்கத் தொடர்பு உண்டு. மலாக்காவில் பிறந்தவர், அரபும் தமிழும் கலந்த குடும்பம், தமிழ் படித்தவர். நாலில் இரண்டு.

நான் போய் நாராயண பிள்ளை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது பிள்ளை இல்லை. ராஃபிள்ஸ் மட்டும் கைகட்டி நின்றார், எதுவும் நடக்காத மாதிரி.

02.02.2025

"நிரந்தரமாக வைத்திருக்கலாமே" என்று இழையில் நாலைந்து பேர் கொதிக்கிறார்கள். எனக்கும் அன்று கொதித்தது. இப்போது அப்படி இல்லை. அவர் பெயருக்குக் கோயில் நிற்கிறது, நகர்த்தாமல். ஆற்றங்கரையில் சிலையாய் இருந்தால் எப்போது யார் 120 மீட்டர் தள்ளி வைப்பார்களோ.

02.02.2025, கொஞ்ச நேரத்தில்

கல்லை மறந்துவிட்டோம். முகத்துவாரத்தில், இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் பக்கம், மூன்று மீட்டர் உயரப் பாறை இருந்தது. ஐம்பது வரிக்குக் குறையாமல் எழுத்து. 1819இல் கண்டுபிடித்தார்கள். யாராலும் படிக்க முடியவில்லை. 1843இல் கோட்டைக்கும் குடியிருப்புக்கும் இடம் வேண்டும் என்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கும் படிக்க முடியவில்லை. தமிழ் என்று வாட்ஸப்பில் வரும். அப்பாவுக்கு வந்திருந்தால் ஆசிரியர் என்ற முறையில் அவரே குழுவில் மறுத்துவிடட்டும்.

கரையின் மிகப் பழைய சின்னம் அது ஒன்றுதான். அதையும் வெடிதான் இடம் மாற்றியது.

10.02.2025, இரவு

நாளை தைப்பூசம், இன்று செட்டிப் பூசம். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கியோங் சேக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் மாலையில் திரும்பும். டேங்க் ரோடு கோயில் நகரத்தார் 1859இல் கட்டியது; கிளார்க் கீயிலிருந்து நடக்கிற தூரம். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்று இந்த இழை தலையில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்று உறைத்தது. டேங்க் ரோடு வடகரை. கியோங் சேக் தென்கரை. முருகன் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை இந்த ஆற்றைக் கடக்கிறார். சிலைகள் எல்லாம் ஒருமுறை நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டன. இவர் மட்டும் வருடா வருடம் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

செட்டியார் சிலை மீதிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கடை தென்கரை என்றாலும் கோயில் வடகரையில்தான் கட்டியிருக்கிறார்கள். அக்கரைக்கு அவர்களே போனவர்கள்தான்.

12.02.2025

வழி கேட்டவருக்கு, சுருக்கமாக. ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். கேவனா பாலம், பலகை, பூனை. பாலம் தாண்டினால் அரும்பொருளகம், செட்டியார், தூண். பிறகு கரையோரமாக மேலே நடந்தால் வெள்ளை ராஃபிள்ஸ், யானை, எல்ஜின் பாலம். இன்னும் மேலே ஹில் ஸ்ட்ரீட் பழைய போலீஸ் நிலையம், 1934இல் கட்டியது. 927 ஜன்னல்கள், வானவில் வண்ணத்தில். கால் வலித்தால் அங்கே முடித்துவிடுங்கள். வலிக்காவிட்டால் ஆல்காஃப் பாலம் வரை போங்கள். தொங்கான் வடிவில் கட்டி 55 நிறம் அடித்திருக்கிறார்கள். படகுகள் போய்விட்ட ஆற்றில் பாலம் படகாகி நிற்கிறது.

ஃபுல்லர்ட்டன் ஹோட்டலுக்குள் போகத் தயங்க வேண்டாம். 1928இல் திறந்த கட்டடம், தலைமைத் தபால் நிலையமாக இருந்தது. ஊரின் தூரங்களை அங்கிருந்துதான் அளந்தார்கள். தாத்தா ஊருக்கு அனுப்பிய மணியார்டர் எல்லாம் அந்தக் கவுண்டர் வழியாகத்தான் போயிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். இப்போது அந்த இடத்தில் காப்பி குடிக்கலாம். விலை கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

23.02.2025, கேள்வி கேட்டவர்

போய்விட்டு வந்தோம். சாயங்காலம் அல்ல, நீங்கள் சொன்னபடி காலையில். அப்பா தூண் பக்கத்தில் நாற்பது நிமிடம். தமிழ்ப் பக்கத்தை முணுமுணுத்து வாசித்தார், பிறகு ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார். காவலாளி ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார். சிங்கத்தைப் பார்க்க நேரமே இல்லாமல் போய்விட்டது, உறவினர்களிடம் என்ன படம் காட்டுவது என்று தெரியவில்லை. அம்மா மட்டும் ஒன்று கேட்கச் சொன்னார்: அத்தனை சுத்தம் செய்தார்களே, ஆற்றில் மீன் இருக்கிறதா?

23.02.2025, இரவு

இருக்கிறது. அதைத் தின்ன நீர்நாய்களும் வந்துவிட்டன, குடும்பம் குடும்பமாக. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து மீனைத் தலையிலிருந்து கடித்துக்கொண்டிருக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள், போன வாரம் நான் பார்த்தது ஐந்து. கிட்டே போனால் சீறும்.